பக்கத்து நாட்டில் விலை குறைவு: எல்லை தாண்டிச் சாமான் வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லைக்கு அருகில் வசிப்பவர்கள், அங்கே குடியேறப் போகிறவர்கள், சும்மா ஒருமுறை போய் வந்து வியந்தவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாக்கியங்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். விதிமுறைகள் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் உங்கள் நாட்டுச் சுங்கத்துறையின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே கம்பெனி, ஒரே டப்பா. பக்கத்து நாட்டில் மட்டும் எப்படி விலை கம்மி?

டப்பாவுக்குள் இருப்பது ஒன்றுதான். ஆனால் கடை விலையில் அந்தப் பொருளின் அடக்கவிலை ஒரு பகுதி மட்டுமே. மீதி எல்லாம் உள்ளூர்ச் செலவு: கடை வாடகை, ஊழியர் சம்பளம், மின்சாரம், லாரி வாடகை, அதற்கு மேல் வரி. சம்பளம் அதிகமுள்ள நாட்டில் சோப்புக் கட்டியும் அந்தச் சம்பளத்தைச் சுமந்துகொண்டுதான் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

வரி மட்டுமே எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு டென்மார்க்கும் ஜெர்மனியும் போதும். டென்மார்க்கில் உணவுப் பொருளுக்கும் மதிப்புக் கூட்டு வரி 25 சதவீதம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் பெரும்பாலான உணவுக்கு 7 சதவீதம். கடைக்காரர்கள் இருவரும் ஒரே விலைக்குக் கொள்முதல் செய்து ஒரே லாபம் வைத்தாலும் பில்லில் பெரிய இடைவெளி விழுந்துவிடும்.

அப்போ கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கவில்லை என்கிறீர்களா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். வரி, சம்பளம், வாடகை எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கும். "இந்த நாட்டுக்காரர்களால் இவ்வளவு கொடுக்க முடியும்" என்று கணித்து வைத்த விலை அது. சுவிட்சர்லாந்தில் இந்த மிச்சம் நீண்டகாலச் சண்டை. வெளிநாட்டு உற்பத்தியாளர்கள் தங்களுக்கு மட்டும் கூடுதல் விலை வைக்கிறார்கள் என்று அங்குள்ள கடைக்காரர்களும் உணவக உரிமையாளர்களுமே புகார் செய்தார்கள். 2022 ஜனவரியில் போட்டிச் சட்டத்தையே திருத்தினார்கள்.

ஐரோப்பிய ஆணையம் அபராதம் போட்ட இரண்டு வழக்குகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2019 மே மாதம் ஏபி இன்பெவ் என்ற பீர் நிறுவனத்துக்கு 20 கோடி யூரோ அபராதம். நெதர்லாந்தில் மலிவாக விற்ற ஜூப்பிலர் பீர், பெல்ஜியத்துக்குள் வந்துவிடாமல் இருக்க அந்த நிறுவனம் பல வேலைகள் செய்திருந்தது. அதில் ஒன்று, நெதர்லாந்துக்குப் போகும் டப்பாக்களில் பிரெஞ்சு மொழி விவரங்களை எடுத்துவிட்டது. பிரெஞ்சு இல்லாத டப்பாவைப் பெல்ஜியத்தில் விற்பது கஷ்டம். 2024 மே மாதம், சாக்லேட், பிஸ்கட் விற்கும் மோண்டலீஸ் நிறுவனத்துக்கு இதே மாதிரித் தடைகளுக்காக 33 கோடியே 75 லட்சம் யூரோ அபராதம்.

வியாபாரிகளே அந்தப் பக்கம் மொத்தமாக வாங்கி இங்கே விற்றால் விலை சமமாகிவிடாதா?

பாடப்புத்தகப்படி ஆகவேண்டும். நடப்பில் ஆவதில்லை. மேலே சொன்ன லேபிள் வித்தை ஒரு காரணம். உரிமம், தரச் சான்று, உத்தரவாதம், விவசாயப் பொருளுக்கு இறக்குமதி வரி என்று வேறு முட்டுக்கட்டைகளும் உண்டு. கடை வாடகையையும் சம்பளத்தையும் எந்த லாரியிலும் ஏற்றிக் கொண்டுவர முடியாது என்பது இன்னொன்று.

சார்ல்ஸ் எங்கெல், ஜான் ராஜர்ஸ் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் அமெரிக்கா, கனடாவின் 23 நகரங்களில் 14 வகைப் பொருள்களின் விலைப் போக்கை ஒப்பிட்டு 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே நாட்டுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரங்களைவிட, நடுவில் எல்லைக்கோடு ஓடும் அண்டை நகரங்களின் விலைகள்தான் ஒன்றையொன்று விட்டு அதிகம் விலகின. எல்லையின் பாதிப்பு எவ்வளவு என்பதில் பின்னால் வந்தவர்கள் அவர்களோடு சண்டை போட்டார்கள். பாதிப்பு இருக்கிறது என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஆக, வியாபாரி செய்ய முடியாத வேலையை நுகர்வோர் தன் கார் டிக்கியில் சில்லறையாகச் செய்கிறார். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் அந்த டிக்கியிலிருந்து வந்தவைதான்.

நாணய மதிப்பு மாறினால் கடை விலையும் உடனே மாறிவிடுமே?

மாறாது. மாற்று விகிதம் ஒரு நிமிடத்தில் மாறும், அலமாரி விலை மாதக்கணக்கில் இழுக்கும். அந்த இடைவெளியில்தான் கூட்டம் எல்லையைத் தாண்டும். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் கட்டிக்காத்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது. அன்றைக்கே பிராங்க் கிட்டத்தட்ட யூரோவுக்குச் சமமாக ஏறிவிட்டது. காலையில் எழுந்த சுவிஸ்காரருக்கு ஜெர்மனியின் அத்தனை கடையிலும் தள்ளுபடி போட்ட மாதிரி. எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊரான கான்ஸ்டான்ஸ் அந்த வாரக் கடைசியில் திணறியது.

கனடாவில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. அங்கே புத்தக அட்டையில் அமெரிக்க விலை, கனடா விலை இரண்டையும் அச்சிடுவது வழக்கம். 2007 செப்டம்பரில் கனடா டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமானது. அட்டையில் இருந்த இரண்டு விலைகளும் பழைய விகிதத்தில் அப்படியே நின்றன. வாடிக்கையாளர் இரண்டு எண்ணையும் விரலால் சுட்டிக்காட்டி "இது என்ன?" என்று கேட்டால், கடைக்காரரிடம் பதில் இல்லை. மற்ற பொருள்களிலும் இதே கூத்துதான் நடந்தது. அட்டையில் அச்சிடாததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எப்போதும் பணக்கார நாட்டுக்காரர்கள்தானே ஏழை நாட்டுக்குப் போய் வாங்குகிறார்கள்?

பெரும்பாலும். ஆனால் திசை அப்படியே நிலைத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2023இல் அர்ஜென்டினாவின் நாணயமான பெசோ சரிந்தபோது உருகுவேக்காரர்கள் அங்கே போய் வண்டி வண்டியாக வாங்கி வந்தார்கள். 2025இல் பெசோ வலுத்திருந்தது, விலைவாசியும் ஏறியிருந்தது. இந்தமுறை அர்ஜென்டினாக்காரர்கள் ஆண்டீஸ் மலையைத் தாண்டிச் சிலியில் துணியும் மின்னணுச் சாமானும் வாங்கினார்கள். இரண்டே வருடம்.

2021இல் இந்தியாவில் பெட்ரோல் விலை ஏறியபோது பீகார் எல்லையோர மக்கள் நேபாளத்துக்குப் போய் டேங்க் நிரப்பினார்கள். இதில் வேடிக்கை, நேபாளத்துக்குப் பெட்ரோல் விற்பதே இந்தியன் ஆயில் நிறுவனம்தான். இங்கே நாணய மதிப்பைக் காரணம் சொல்ல முடியாது. ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் நிலையாக இருக்கிறது. வித்தியாசம் முழுக்க இரண்டு அரசுகளின் வரிக் கணக்கு.

எந்தெந்தப் பொருளுக்குப் போனால் லாபம்?

வரி கனமாக இருக்கும் பொருள், கெட்டுப்போகாத பொருள், எப்படியும் வாங்கித்தான் ஆகவேண்டிய பொருள். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் யோசிக்கலாம். எல்லாக் கண்டத்திலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: மது, சிகரெட், இறைச்சி, இனிப்பு, டயப்பர், சலவைத்தூள், ஷாம்பு, பெட்ரோல். நார்வேக்காரர்கள் ஸ்வீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட் பக்கம் போவதும் இதற்காகத்தான். இந்தப் பழக்கத்துக்கு அவர்கள் மொழியில் ஹாரிஹாண்டெல் என்று கொஞ்சம் கிண்டலான பெயரே உண்டு. நார்வேயின் புள்ளிவிவர அலுவலகம் இதைத் தனியாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறது.

பெரிய மின்சாதனங்களில் கவனம் தேவை. உத்தரவாதம் உங்கள் நாட்டில் செல்லுமா, பிளக் பொருந்துமா, பழுது பார்க்க மறுபடி எல்லை தாண்ட வேண்டுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை திருப்பிக் கொடுக்கப் போய்வந்தாலே மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

பெட்ரோல் போடுவதற்காக மட்டும் போகலாமா?

கணக்குப் போடுவோம். உங்கள் ஊரில் லிட்டர் 100, அங்கே 75 என்று வையுங்கள். எந்த நாணயமாகவும் இருக்கட்டும். 40 லிட்டர் போட்டால் மிச்சம் 1000. பெட்ரோல் பங்க் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றால் போக 2 லிட்டர், வர 2 லிட்டர். போகும்போது எரிவது நம் விலையில் 200, வரும்போது எரிவது அவர்கள் விலையில் 150. ஆக 650 கையில் நிற்கும். சரி, அதே பெட்ரோல் அங்கே 90 என்று வையுங்கள். மிச்சம் 400, வழிச்செலவு 380. இருபதுக்காக அரைநாள் வரிசையில் நின்றதாக முடியும். வித்தியாசம் பாதிக்கு மேல் சுருங்கினால் லாபமும் அதே அளவு சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்த்தீர்களா, அது ஒரேயடியாகக் காணாமல் போகிறது.

அரசுகளும் சும்மா இருப்பதில்லை. சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குக் கிளம்பும்போது டேங்க்கில் முக்கால்வாசியாவது இருக்கவேண்டும் என்பது 1991 முதல் விதி. மலேசியாவும் தன் பங்குக்கு, மானிய விலையில் விற்கும் ரான் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு விற்கக்கூடாது என்று 2010இல் தடை போட்டது. ஹங்கேரி 2021 நவம்பரில் லிட்டருக்கு 480 ஃபோரின்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அக்கம்பக்கத்து நாடுகளின் வண்டிகள் வந்து குவிந்தன. 2022 மே கடைசியில் அந்த விலை உள்நாட்டுப் பதிவு வண்டிக்கு மட்டும் என்றார்கள். அந்த டிசம்பரில் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். லக்ஸம்பர்க் மாதிரி, வெளியூர்க்காரர் வந்து நிரப்பிக்கொண்டு போவதைப் பல காலம் வருமானமாகவே வைத்துக்கொண்ட நாடும் உண்டு. மலிவு விலைக்குப் பின்னால் இருப்பது மானியமா, குறைந்த வரியா என்று பாருங்கள். மானியம் என்றால் உங்களைத் துரத்துவார்கள். வரி என்றால் வரவேற்பார்கள்.

மளிகைக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

வீட்டிலேயே பட்டியல் எழுதுங்கள். பட்டியலில் உள்ளதற்கு மட்டும் உள்ளூர் விலை, அந்த ஊர் விலை இரண்டையும் கூட்டிக் கழியுங்கள். அதிலிருந்து பெட்ரோல், பாலத்துக் கட்டணம், பார்க்கிங், அங்கே சாப்பிட்ட சாப்பாடு, அட்டை தேய்த்ததற்கு வங்கி பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம் எல்லாவற்றையும் கழியுங்கள். கடைசியில் வருவதுதான் மிச்சம்.

பட்டியலில் இல்லாத பொருள்தான் ஆளைக் கவிழ்க்கும். "நம்ம ஊரில் 200, இங்கே 120, எண்பது மிச்சம்" என்று தோன்றும். நீங்கள் ஊரில் அதை வாங்கியிருக்கவே மாட்டீர்கள் என்றால் அது 120 செலவு. இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்பில் கூடை நிரம்பும். எல்லையோரக் கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டஜன் கட்டுகளும் ராட்சத டப்பாக்களும் வாசலிலேயே அடுக்கியிருப்பது சும்மா இல்லை. எடையை வைத்துக் கிலோ விலை பாருங்கள், இரண்டு நாட்டிலும் பாக்கெட் அளவு ஒன்றாக இருக்காது.

நேரத்தைக் கழிக்கவேண்டுமா என்று கேட்பார்கள். அது உங்கள் மனசு. குடும்பத்தோடு போய் வருவது உங்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் கழிக்கவேண்டாம். சனிக்கிழமை சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நின்று குழந்தை அழுகிறது என்றால், இரண்டு மடங்காகக் கழியுங்கள்.

அங்கே கட்டிய வாட் வரியைத் திருப்பித் தருவார்களாமே?

சில எல்லைகளில் மட்டும். இரண்டு நாடும் ஒரே வரிக் கூட்டமைப்பில் இருந்தால் கிடைக்காது. ஸ்வீடனில் வசிப்பவர் ஜெர்மனியில் வாங்கினால் ஜெர்மன் வரிதான், அதோடு முடிந்தது. சுவிட்சர்லாந்தில் வசிப்பவர் அதே கடையில் வாங்கினால், பச்சைத் தாள் எனப்படும் ஏற்றுமதிப் படிவத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு, எல்லையில் ஜெர்மன் சுங்க அதிகாரியிடம் முத்திரை குத்தி, அடுத்தமுறை வரும்போது கடையில் கொடுத்து வரியைப் பெறலாம். அடுத்தமுறை வரவைக்க இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

முத்திரை குத்தியே கை ஓய்ந்தது ஜெர்மன் சுங்கத்துறைக்கு. அதனால் 2020 ஜனவரி 1 முதல், பில் 50 யூரோவைத் தாண்டினால்தான் பச்சைத் தாள் என்று ஆக்கினார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நான்கு சின்ன பில்லை ஒரு பெரிய பில்லாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஒருவர் எவ்வளவு கொண்டு வரலாம்? நாலு பேர் போனால் நாலு மடங்கா?

நாட்டுக்கு நாடு வேறு. சுவிட்சர்லாந்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 பிராங்க் வரை வரியில்லாமல் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது 150. சிங்கப்பூரில் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதைப் பலர் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். கனடாக்காரர் 24 மணி நேரம் வெளியே இருந்தால் 200 டாலர், 48 மணி நேரம் என்றால் 800. அன்றைக்கே போய் அன்றைக்கே வந்தால் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்குப் பண வரம்பே கிடையாது. ஆனால் 110 லிட்டர் பீர், 90 லிட்டர் ஒயின், 10 லிட்டர் சாராய வகை, 800 சிகரெட் என்ற அளவுகளைத் தாண்டினால் "இது சொந்த உபயோகமா?" என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

நாலு பேர் போனால் நாலு பேருக்கும் சலுகை உண்டு, ஒரே பொருளை நாலாகப் பிரித்துச் சொல்ல முடியாது. 150 பிராங்குக்கு மேல் விலையுள்ள ஒரு மிக்ஸியை "ஆளுக்குக் கால் பங்கு" என்றால் சுவிஸ் அதிகாரி சிரிப்பார். அப்புறம், வரம்பைத் தாண்டினால் எதன்மேல் வரி என்பதைப் பாருங்கள். சிங்கப்பூரில் வரம்புக்கு மேலே உள்ளதற்கு மட்டும். சுவிட்சர்லாந்தில் 150ஐத் தாண்டிவிட்டால் மொத்தத்துக்கும். கனடாவின் 200 டாலர் வரம்பும் இதே மாதிரிதான். அங்கே ஒரு டாலர் கூடுதல் செலவு, மொத்தக் கூடைக்கும் வரி வாங்கித் தரும்.

பண வரம்பு ஒருபுறம், அளவு வரம்பு இன்னொருபுறம். சுவிட்சர்லாந்துக்குள் ஓர் ஆள் ஒரு கிலோ இறைச்சிதான் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

புதுத் துணியின் லேபிளைக் கிழித்துவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்?

அதிகாரிகளுக்குத் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்டவர் முதல் ஆள் இல்லை.

அந்தப் பக்கம் விற்பது தரம் குறைந்த சரக்கு என்கிறார்களே?

கிழக்கு ஐரோப்பாவில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: "எங்கள் ஊரில் விற்கும் அதே பிராண்ட் மட்டம், ஜெர்மனியில் விற்பது நல்லது." வதந்தி என்று ஒதுக்காமல் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 19 நாடுகளில் 128 உணவுப் பொருள்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. முன்பக்கம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்து, உள்ளே சேர்மானம் வேறாக இருந்தவை 9 சதவீதம். முன்பக்கம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து சேர்மானம் மாறியவை 22 சதவீதம். கிழக்கு மட்டம், மேற்கு உசத்தி என்ற ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. ஆக, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள் என்பதே என் பதில்.

தரத்தின் மீதுள்ள நம்பிக்கைக்காகவே எல்லை தாண்டுவதும் உண்டு. 2008இல் சீனாவில் குழந்தைப் பால் பவுடரில் மெலமைன் என்ற ரசாயனக் கலப்படம் வெளியான பிறகு, பெற்றோர்களும் இடைத்தரகர்களும் ஹாங்காங் கடைகளைக் காலி செய்தார்கள். ஹாங்காங் தாய்மார்களுக்கே பால் பவுடர் இல்லை என்ற நிலை. 2013 மார்ச் 1 முதல் வெளியே போகும் ஆளுக்கு 1.8 கிலோ, அதாவது ஏறக்குறைய இரண்டு டப்பா என்று சட்டம் போட்டார்கள். மீறினால் சிறைகூட உண்டு. அங்கே யாரும் மலிவைத் தேடி வரவில்லை.

வரியைக் குறைத்தால் எல்லோரும் உள்ளூரிலேயே வாங்குவார்கள்தானே?

குறைத்துப் பார்த்த நாடுகளின் கதை நீளமானது, ஒவ்வொன்றும் வேறு முடிவு.

டென்மார்க் 2011 அக்டோபரில் கொழுப்புக்கு வரி போட்டது. வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் விலை ஏறின. மக்கள் ஜெர்மனிக்குப் போகிறார்கள் என்ற புகார் பெருகி, 2013 பிறக்கும்போதே வரியை எடுத்துவிட்டார்கள். நார்வே 2018இல் இனிப்பு, சாக்லேட் வரியைக் கடுமையாக உயர்த்தி, ஸ்வீடன் எல்லையில் மிட்டாய்க் கடைகள் கொழிப்பதைப் பார்த்துவிட்டு 2021இல் அதை ரத்து செய்தது.

மதுவில்தான் சங்கிலித் தொடர். 2004 மே மாதம் எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப் போகிறது, படகில் மலிவு மது கொட்டப் போகிறது என்று பயந்து ஃபின்லாந்து அந்த மார்ச்சிலேயே மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. குடி கூடியது, குடியால் வரும் சாவுகளும் கூடின. பின்னால் வரியைப் படிப்படியாக ஏற்றினார்கள். எஸ்டோனியா தன் பங்குக்கு 2017இல் பீர் வரியை 70 சதவீதம் ஏற்றியது. உடனே எஸ்டோனியாக்காரர்கள் தெற்கே லாட்வியாவுக்குப் படையெடுத்தார்கள். அவர்களோடு ஃபின்லாந்துக்காரர்களும் கப்பலில் இறங்கி நேரே லாட்வியாவுக்குக் கார் ஓட்டினார்கள். 2019 ஜூலையில் எஸ்டோனியா பீர், சாராய வரியை 25 சதவீதம் குறைத்தது. லாட்வியா பதிலுக்குத் தன் சாராய வரியைக் குறைத்தது. ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கையைப் பக்கத்து நாட்டு நிதியமைச்சர் எழுதுகிற நிலை.

நாடு முழுக்கக் குறைக்காமல் எல்லைப் பட்டையில் மட்டும் குறைப்பது இன்னொரு வழி. மெக்சிகோ தன் வடக்கு எல்லைப் பகுதியில் 2019 முதல் 16 சதவீத வரியை 8 ஆக்கியிருக்கிறது. இத்தாலியின் ஃப்ரியூலி வெனிசியா ஜூலியா மாநிலம், ஸ்லோவேனியாவுக்கு ஓடும் வண்டிகளை நிறுத்த உள்ளூர்வாசிகளுக்குப் பெட்ரோல் தள்ளுபடி தருகிறது. பட்டைக்கு வெளியே அடுத்த ஊரில் இருப்பவர் "எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்பார். எல்லை நகர்ந்து உள்நாட்டுக்கே வந்துவிடும்.

வெளியே வாங்குவது தேசத்துக்குத் துரோகம் என்கிறார்களே?

2008இல் அயர்லாந்தில் இதே பேச்சு. 2008 டிசம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் பிரிட்டன் தன் வாட் வரியை 17.5இலிருந்து 15 ஆகக் குறைத்தது, அயர்லாந்து 21இலிருந்து 21.5 ஆக உயர்த்தியது. பவுண்டும் யூரோவுக்கு எதிராகச் சரிந்துகொண்டிருந்தது. வடக்கே, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில் உள்ள நியூரி ஊருக்குக் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டின. உள்நாட்டில் வாங்குவது தேசபக்தி என்று அமைச்சர்கள் பேசினார்கள். பேச்சுக்குப் பலன் இருந்ததாகத் தெரியவில்லை. 2010 ஜனவரியில் பிரிட்டன் வரி மீண்டும் 17.5 ஆனது, அயர்லாந்து வரி 21க்கு இறங்கியது, அதற்குச் சற்று முன் மது மீதான கலால் வரியையும் குறைத்திருந்தார்கள். கூட்டம் குறைந்தது.

ஆனால் மக்களுக்கே கோபம் வந்தால் விலை வித்தியாசம் எடுபடாது. 2025இல் அமெரிக்கா போட்ட தீர்வைகளும் கனடாவைப் பற்றிய பேச்சுகளும் கனடாக்காரர்களைச் சுட்டுவிட்டன. காரில் அமெரிக்கா போய் வருபவர்கள் எண்ணிக்கை செங்குத்தாக விழுந்தது. யாரும் சட்டம் போடவில்லை. என் கருத்தைக் கேட்டால், சிக்கனமாக வாழப் பார்க்கும் குடும்பத்தைத் துரோகி என்பது அநியாயம். உள்ளூர்க் கடை மூடினால் கார் இல்லாத முதியவர்தான் முதலில் அவதிப்படுவார் என்பதும் உண்மை.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம்தானே?

கடைக்காரருக்குக் கொண்டாட்டம். குடியிருப்பவருக்கு நெரிசல், வாடகை உயர்வு, சனிக்கிழமை பால் வாங்க வரிசை. ஹாங்காங்கின் வடக்கு ஊர்களில் நடைபாதை முழுக்கப் பெட்டி உருட்டும் வியாபாரிகள் நிறைந்து, ஊர்க்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2015 ஏப்ரலில், எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சீன நகரமான ஷென்ஷென்னில் வசிப்பவர்களுக்கு வாரம் ஒரு பயணம் என்று கட்டுப்பாடு வந்தது. 2024 டிசம்பரில் அதை மீண்டும் தளர்த்தினார்கள். அதற்குள் காற்று மாறிவிட்டது. ஹாங்காங்காரர்கள்தான் வாரக் கடைசியில் ஷென்ஷென்னுக்குப் போய்க் கிடங்குக் கடைகளில் தள்ளுவண்டி நிரப்புகிறார்கள்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நார்வே எல்லை கட்டுப்படுத்தப்பட்டபோது, ஸ்வீடன் பக்கத்துப் பெரிய கடைகள் வெறிச்சோடின. நார்வேயின் அரசு மதுக்கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் விற்பனை எகிறியது. ஒரு கூட்டத்தையே நம்பிக் கட்டிய ஊருக்கு அந்தக் கூட்டம் ஒரு நாளில் இல்லாமல் போகலாம்.

ஆன்லைனில் வரவழைத்துவிட்டால் இந்த அலைச்சல் எதற்கு?

அந்த ஓட்டையை அரசுகள் ஒவ்வொன்றாக அடைத்துவருகின்றன. 22 யூரோ வரை பார்சலுக்கு வரியில்லை என்ற சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1இல் எடுத்தது. சிங்கப்பூர் 2023 முதல் சின்னப் பார்சலுக்கும் ஜிஎஸ்டி போட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்சல் முகவரி வாடகைக்கு எடுத்து, நேரில் போய் எடுத்துவருவது ஒரு நடுவழி. கொண்டுவரும்போது மேலே சொன்ன அதே வரம்புகள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுக்கிறார். நான் லாபம் எதுவும் வைக்கவில்லை. பரவாயில்லையா?

அரிசி, சோப்பு என்றால் உங்கள் பண வரம்புக்குள் இருக்கும்வரை பெரிதாகக் கேட்க மாட்டார்கள். மது, சிகரெட், பெட்ரோல் என்றால் கவனம். நெதர்லாந்துக்காரர் ஒருவர் தனக்கும் ஓர் ஒயின் வட்டத்தைச் சேர்ந்த சுமார் 70 பேருக்கும் பிரான்சில் ஒயின் வாங்கி, லாரி நிறுவனம் மூலம் வரவழைத்துப் பங்கிட்டார். அடக்கவிலைக்குத்தான் கொடுத்தார், பிரான்சில் வரியும் கட்டியாயிற்று. ஆனாலும் நெதர்லாந்தில் மறுபடி கலால் வரி கட்டவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006 நவம்பரில் சொல்லிவிட்டது. வாங்கியவரே, தன் உபயோகத்துக்கு, தன் கையால் கொண்டுவந்தால்தான் சலுகை.

அதனால் பக்கத்து வீட்டுக்காரரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் சாமான், அவர் வரம்பு, அவர் பில். பெட்ரோல் செலவில் பாதியும் அவருடையது.